ஃபார்மேட் அடித்தால் எது மிஞ்சும்?

பழைய பட்டன் போன்களில் புது எண் ஒன்றைச் சேமிக்கப் போனால், ‘சிம்மிலா, போனிலா?’ என்று போன் திருப்பிக் கேட்கும். அவசரத்தில் ஏதோ ஒன்றை அமுக்கிவிட்டுப் போவதுதான் வழக்கம். அதன் பலன் பின்னால் தெரியவரும். சிம்மில் போட்டிருந்தால் போன் மாறினாலும் எண்கள் கூடவே வரும். ஆனால் பரவலாகப் புழங்கிய சிம்களில் 250 பெயர்களுக்குத்தான் இடம். ஒரு பெயருக்கு ஓர் எண்தான். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். போனில் போட்டிருந்தால் வசதி கூடுதல், ஆனால் போன் தொலைந்த அன்றே எண்களும் போய்விடும். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தியது. அங்கிருந்து கோடிக்கணக்கில் லாரி ஏறிய போன்களைக் கையில் பிடித்த யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. தகவல் ஆளோடு போக வேண்டுமா, கருவியோடு இருக்க வேண்டுமா என்பதைத்தான் அந்தப் போன் கேட்டது.

கணினி இதைக் கேட்பதில்லை. மென்பொருளை எழுதியவர் நமக்காக முடிவு செய்துவிடுகிறார். எங்கே வைத்தார் என்பது, கணினியை ‘ஃபார்மேட்’ அடிக்கும் நாள் வரை நமக்குத் தெரியவும் தெரியாது.

ஒரு சாதாரண மென்பொருளை நிறுவினால்கூட வட்டில் பல வகைச் சரக்கு இறங்குகிறது. நிரலின் சொந்தக் கோப்புகள் ஒரு வகை. எழுத்தின் அளவு, மொழி, எந்த பிரிண்டர் என்பது போன்ற செட்டிங்குகள் இன்னொரு வகை. நாம் உட்கார்ந்து உருவாக்கிய கடிதம், கணக்கு, வரைபடம் வேறு. வேகத்துக்காக மென்பொருள் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் தற்காலிக நகல்களான கேஷ் இருக்கிறது. என்ன நடந்தது என்று அது எழுதிக்கொண்டே போகும் லாக் ஃபைல்கள் இருக்கின்றன. இவற்றை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு கேள்விகள் போதும் என்பது என் எண்ணம். அழிந்தால் யாரால் மறுபடி உருவாக்க முடியும்? யாருக்குச் சொந்தம்?

நிரல் அழிந்தால் நிறுவியை ஓட்டினால் வந்துவிடும். கேஷ் அழிந்தால் மென்பொருளே மறுபடி சேர்த்துக்கொள்ளும். செட்டிங் அழிந்தால் ஒருவர் ஒரு மணி நேரம் எரிச்சலோடு உட்கார்ந்து சரிசெய்யலாம். நாம் உருவாக்கிய கோப்பு அழிந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த நான்கையும் ஒரே ஃபோல்டரில் போடுகிற மென்பொருள், எதைக் காப்பாற்ற வேண்டும், எதைத் தூக்கி எறியலாம் என்ற தகவலையே இல்லாமல் செய்துவிடுகிறது. பேக்கப் எடுப்பவர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அல்லது எதையோ தவறவிட வேண்டும்.

இன்றைய போன்கள் இந்தப் பிரச்சினையை அதிகாரத்தால் தீர்த்துவிட்டன. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாராகும் ஐபோனை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு செயலிக்கும் அதற்கென்று அடைக்கப்பட்ட தனி இடம். அதற்குள்ளும் பயனரின் ஆவணங்களுக்கு ஒரு ஃபோல்டர், செயலியின் உள்விவகாரங்களுக்கு ஒன்று, தற்காலிகச் சரக்குக்கு ஒன்று. கேஷ் ஃபோல்டரில் வைத்தது பேக்கப்பில் சேராது. போனில் இடம் குறைந்தால் போனே அதை அழித்துவிடும். முக்கியமான கோப்பை அங்கே வைத்த நிரலாளர் தன் தவறைச் சீக்கிரமே கண்டுபிடிப்பார். மற்றொரு செயலியின் இடத்துக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. கணினியில் அந்தக் கட்டாயம் தளர்வு. விதிகள் உண்டு, மீறினாலும் மென்பொருள் ஓடும். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

விதிகளே தட்டுத் தடுமாறித்தான் வந்தன. 1970-களின் யூனிக்ஸ் கணினி ஒரே எந்திரம், பல பயனர்கள் என்ற ஏற்பாட்டில் ஓடியது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்த ஃபோல்டர், கணினி முழுமைக்குமான செட்டிங்குகளுக்கு ‘இடிசி’ என்ற பொது ஃபோல்டர் என்று பிரிவினை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் செட்டிங்கை அந்தச் சொந்த ஃபோல்டரில் எந்த மூலையில் வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு விடை ஒரு சோம்பலிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் தன்னைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியும், மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியும் கோப்புகளைப் போலவே பட்டியலில் வந்து தொந்தரவு செய்தன. அவற்றை மறைக்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார்கள். விளைவாக, புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணில் படாது. நிரலாளர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. செட்டிங்குகளைப் புள்ளி வைத்த பெயரில் பயனரின் ஃபோல்டரில் கொட்டத் தொடங்கினார்கள். யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் இந்தக் கதையை எழுதி, மறைந்த கோப்பு என்பதே திட்டமிடாமல் நேர்ந்தது என்றார்.

2003-இல்தான், யூனிக்ஸின் வழியைப் பின்பற்றும் லினக்ஸ் உலகத்தில் ‘எக்ஸ்.டி.ஜி.’ என்ற உடன்பாடு வந்தது. செட்டிங் ஒரு ஃபோல்டரில், தரவு இன்னொன்றில், கேஷ் வேறொன்றில். லாக் போன்ற, இழந்தால் பரவாயில்லை ஆனால் உடனே அழிக்கவும் வேண்டாம் என்ற நடுத்தரச் சரக்குக்குத் தனி ஃபோல்டர் ஒதுக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே விண்டோஸுடன் சேர்ந்து மாணவர்கள் கைக்குப் போனது. அந்த மடிக்கணினிகளில் ஒரே வட்டில் இரண்டு வகை ஃபோல்டர் ஒழுங்குகள் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன.

விண்டோஸின் வழி இன்னும் சிக்கல். 1990-களின் தொடக்கத்தில் விண்டோஸ் 3-இல் எல்லா மென்பொருளும் செட்டிங்குகளை ‘வின் ஐ.என்.ஐ.’ என்ற ஒரே கோப்பில் எழுதலாம். அந்தக் கோப்பு 64 கிலோபைட்டைத் தாண்டினால் தொல்லை. யார் எதை எழுதினார் என்பதற்கும் கணக்கில்லை. 1995-இல் வந்த விண்டோஸ் 95 ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பெரிய பதிவேட்டை முன்னால் வைத்தது. ஒழுங்கு வந்தது, ஆனால் பதிவேட்டின் ஒரு மூலையில் பழுது என்றால் கணினியே திணறும் என்ற புது அச்சமும் வந்தது. கோப்பாக இருந்தால் பென் டிரைவில் நகல் எடுத்துப் பக்கத்துக் கணினியில் ஒட்டிவிடலாம். ரெஜிஸ்ட்ரியில் இருப்பதை அப்படி எடுத்துப்போவது மெயின்டனன்ஸ் ஆளுக்குத் தலைவலி.

விண்டோஸ் எக்ஸ்.பி. காலம் வரை வீட்டிலும் ஆலையிலும் பெரும்பாலோர் நிர்வாகி உரிமையோடுதான் கணினியைத் திறந்தார்கள். எனவே மென்பொருள் தன் செட்டிங்கையும் தரவையும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில், தன் நிரலுக்குப் பக்கத்திலேயே எழுதினாலும் யாரும் தடுக்கவில்லை. அடுத்த பதிப்பான விஸ்டா 2007 தொடக்கத்தில் கடைக்கு வந்தபோது அந்த வாசல் மூடியது. புதிய ஒழுங்கில் நிரல் இருக்கும் ஃபோல்டரில் சாதாரணப் பயனர் எழுதக் கூடாது. ஆளுக்குரியது ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘ஆப்டேட்டா’வில் போக வேண்டும். அதிலும் அலுவலக நெட்வொர்க்கில் வேறு கணினியில் உட்கார்ந்தாலும் பின்தொடர வேண்டியது ‘ரோமிங்’, அந்தக் கணினியிலேயே கிடக்க வேண்டியது ‘லோக்கல்’. எந்திரத்துக்குப் பொதுவானது ‘புரோகிராம்டேட்டா’வில்.

பழைய மென்பொருள்கள் இதனால் உடைந்துவிடக் கூடாதே என்று மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. பழைய 32-பிட் நிரல் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதை மறுக்காமல், சத்தமில்லாமல் அந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடும். மறுமுறை படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். நிரலுக்குச் சந்தேகமே வராது. வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் கணினியில் இது கச்சிதமாக வேலை செய்தது.

ஆலையில் என்ன ஆகும்? ஒரகடத்தில் ஒரு லைனில், திருகுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற டார்க் அளவை வைத்திருக்கும் பழைய மென்பொருள் ஒன்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் ஆட்களுக்குத் தனித்தனி லாகின். ஏ ஷிஃப்டில் ஒருவர் அளவை மாற்றிச் சேமிக்கிறார். அது அவருடைய மறைவிடத்துக்குப் போகிறது. பி ஷிஃப்டில் வருபவர் அதே மென்பொருளைத் திறக்கிறார். பழைய அளவுதான் தெரிகிறது. அவரும் மாற்றுகிறார், அது அவருடைய மறைவிடத்தில். இன்ஜினியர் வந்து நிர்வாகி உரிமையோடு திறந்து பார்த்தால், புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் தொட்டுப் பார்க்கப்படாத அசல் கோப்பு தெரியும். மூன்று பேரும் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்வார்கள். மூவர் சொல்வதும் உண்மைதான். ஒரே பெயரில் மூன்று கோப்புகள் இருப்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இயங்குதளங்களின் விதிகள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது இங்கே வெளிப்படுகிறது. மேசை ஒன்று, கணினி ஒன்று, அதற்கு உரியவர் ஒருவர் என்ற அலுவலகக் காட்சி அது. டார்க் அளவு எந்த ஆபரேட்டருக்கும் சொந்தமானதல்ல. அது எந்திரத்துக்கும், அதில் ஓடும் பொருளுக்கும் சொந்தம். திரையில் தமிழ் வேண்டுமா, ஆங்கிலம் வேண்டுமா என்பதுதான் ஆளுக்குச் சொந்தம். ஒரு பொருளுக்கான அளவுகளின் தொகுப்பான ரெசிபி, எந்திரத்தின் துல்லியத்தைச் சரிசெய்யும் காலிபரேஷன் எண்கள் ஆகியவை புரோகிராம்டேட்டாவிலோ சர்வரிலோ இருக்க வேண்டும். மொழித் தேர்வு ஆப்டேட்டாவில் போகலாம். இதிலும் ஒரு முடிச்சு உண்டு. புரோகிராம்டேட்டாவின் இயல்பான அனுமதிப்படி ஒரு சாதாரணப் பயனர் புதுக் கோப்பை உருவாக்கலாம்; இன்னொருவர் உருவாக்கியதைப் படிக்கலாம்; திருத்த முடியாது. நிறுவும்போதே தன் ஃபோல்டருக்கு உரிய அனுமதியை மென்பொருள் போட்டுக்கொள்ளாவிட்டால், ஏ ஷிஃப்ட் உருவாக்கிய கோப்பை பி ஷிஃப்ட் தொட முடியாமல் நிற்கும். சரி என்று எல்லோரும் ‘ஆபரேட்டர்’ என்ற ஒரே லாகினில் நுழைகிறார்கள். பிரச்சினை மறைகிறது. கூடவே யார் எதை மாற்றினார் என்ற தடயமும் மறைகிறது.

வன்பொருள் பக்கத்துக்காரர்கள் இதில் மென்பொருள்காரர்களைவிடத் தெளிவு. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வெளிவரும் வாகனங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் நிரலும் காலிபரேஷனும் தனித்தனிப் பகுதிகளில் இருக்கும். ஓடிய கிலோமீட்டர் போன்றவை அவற்றோடு கலக்காத நினைவகத்தில் எழுதப்படும். காரணம் ஒழுக்கம் மட்டுமல்ல, இயற்பியலும்தான். ஃபிளாஷ் நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாக அழிக்க முடியாது. ஒரு பெரும் பகுதியை மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். நிரலும் கிலோமீட்டரும் ஒரே பகுதியில் இருந்தால், சர்வீஸில் நிரலைப் புதுப்பிக்கும்போது வண்டி புதுசாகிவிடும்! பிரித்து வைக்காதவனை அங்கே சில்லே தண்டித்துவிடுகிறது. லைனில் எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளான பழைய பி.எல்.சி.களில் இன்னொரு கட்டாயம்: மாறும் மதிப்புகள் பேட்டரியின் தயவில் நிற்கும் நினைவகத்தில் இருக்கும். அந்த பேட்டரியை மின்சாரம் ஓடும்போதே மாற்ற வேண்டும் என்பது மெயின்டனன்ஸ் ஆட்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று.

எது எங்கே இருக்கிறது என்பது பெரிய அளவில் சோதிக்கப்பட்ட நாள் 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) 150-க்கு மேற்பட்ட நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. ரெனால்ட்-நிஸான் கூட்டணியின் ஆலைகள் பிரான்ஸ், ஸ்லோவேனியா, ருமேனியா, பிரிட்டன் என்று பல நாடுகளில் பாதிக்கப்பட்டன. 2010-இல் திறக்கப்பட்ட ஒரகடம் ஆலையும் அந்தப் பட்டியலில் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

அந்தத் தீநிரலைப் பிரித்துப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டது நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. அது கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டவில்லை. விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், புரோகிராம்டேட்டா, தற்காலிகக் கோப்புகளின் ஃபோல்டர் ஆகியவற்றைத் தாண்டிச் சென்றது. கணினி ஓடினால்தானே பணம் கேட்கும் திரையைக் காட்ட முடியும். தவிர, நிரலைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம் என்றால் யார் பணம் தருவார்? மறுபடி உருவாக்க முடியாதவை எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, அசலின் மேல் குப்பை எண்களை எழுதி, மீட்க வழியில்லாமல் அழித்தது. வேறு இடங்களில் இருந்தவற்றின் அசலை வெறுமனே நீக்கியது. அவற்றில் பலவற்றை மீட்க முடிந்தது. ஃபோல்டர் ஒழுங்கைப் பல நிரலாளர்களைவிடத் திருடன் நன்றாகப் படித்திருந்தான்.

அப்படியானால் தரவைப் புரோகிராம் ஃபைல்ஸில் வைத்த பழைய மென்பொருள் பிழைத்திருக்குமே என்று கேட்கலாம். வான்னாக்ரையிடமிருந்து, ஆம். ஆனால் தொற்று வந்த கணினியை யாரும் அப்படியே விடுவதில்லை. வட்டை அழித்து, ஏற்கெனவே எடுத்து வைத்த முழு நகலை ஏற்றுவார்கள். பேக்கப் எடுக்கும் ஏற்பாடு பயனர் ஃபோல்டர்களையும் புரோகிராம்டேட்டாவையும் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், திருடன் விட்டுவைத்ததைச் சரிசெய்ய வந்தவரே அழித்திருப்பார். முழு நகல் ஆறு மாதம் பழையது என்றால், காலிபரேஷன் எண்களும் ஆறு மாதம் பின்னால் போகும். எந்திரம் ஓடும், பொருள் வரும், அளவு மட்டும் கொஞ்சம் தப்பி வரும். நின்றுபோன எந்திரத்தைவிட எனக்கு அச்சம் தருவது இதுதான்.

ஆலைக் கணினிகளில் இன்னொரு ஏற்பாடு உண்டு. திடீரென்று மின்சாரம் போனால் வட்டில் பாதி எழுதிய கோப்பு கெட்டுப்போகும். யாராவது பென் டிரைவைச் செருகி எதையோ ஏற்றிவிடுவார்கள். இதைத் தடுக்க, தொழில்துறை விண்டோஸ்களில் ‘ரைட் ஃபில்டர்’ என்ற காவல் இருக்கிறது. அதை இயக்கினால் சி டிரைவில் எழுதுவதாக மென்பொருள் நினைப்பதெல்லாம் உண்மையில் ஒரு தற்காலிகப் படலத்தில்தான் எழுதப்படும். கணினியை அணைத்துப் போட்டால் அத்தனையும் மறைந்து, பழைய நிலைக்கு வந்துவிடும். விஷமம் செய்தாலும் ஒரு ரீஸ்டார்ட் போதும். எந்தக் கோப்புகள் விதிவிலக்கு, எந்த டிரைவ் காவலுக்கு வெளியே என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அங்கேதான் ஒழுங்கில்லாத மென்பொருள் சிக்கிக்கொள்ளும். ரெசிபியைக் காவலுக்கு வெளியே உள்ள டி டிரைவில் வைத்துவிட்டு, கேமராவின் வெளிச்ச அளவை மட்டும் ரெஜிஸ்ட்ரியின் ஏதோ ஒரு மூலையில் எழுதும் மென்பொருள், ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஞாபகமறதியோடு விழிக்கும். எல்லாச் செட்டிங்கும் ஒரே அறியப்பட்ட ஃபோல்டரில் இருந்தால், விதிவிலக்கு ஒரு வரியில் முடிந்துவிடும்.

எந்திரம் வாங்கும்போது விற்பவரிடம் வேகம், துல்லியம், மின்சாரச் செலவு எல்லாம் கேட்கிறோம். இந்தக் கணினியை ஃபார்மேட் அடித்தால் எந்தெந்த ஃபோல்டர்களைத் திரும்ப வைத்தால் எந்திரம் பழைய நிலைக்கு வரும் என்று எழுதித் தரச் சொல்லலாம். ஒப்படைக்கும் நாளில் ஒருமுறை செய்து காட்டவும் சொல்லலாம். ஒரு பக்கத்தில் எழுத முடியாதவர், எங்கே எதை வைத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது என்று கொள்வதில் தவறில்லை.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் இதில் இருக்கிறது. விண்டோஸில் ‘கார்த்திக்’ என்று தமிழில் கணக்கு தொடங்கினால், யூசர்ஸுக்குள் அதே பெயரில் ஃபோல்டர் உருவாகும். அவருடைய செட்டிங்கெல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கும். விண்டோஸ் ஐரோப்பிய மொழிகளுக்குப் பழைய ஒற்றை பைட் குறிமுறைகளை வைத்திருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது, தொடக்கத்திலிருந்தே யூனிகோடு மட்டும்தான். பழைய முறையில் எழுதப்பட்ட மென்பொருள் அந்தப் பெயரைக் கேட்டால், பத்துக் குறியீடுகளுக்குப் பதில் பத்துக் கேள்விக்குறிகள் கிடைக்கும். கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிக்காத எழுத்து. ஆக, பாதையே இல்லை, செட்டிங் சேமிக்கப்படாது, பல மென்பொருள்கள் காரணத்தையும் சொல்லாது. லினக்ஸில் பெயர் உடையாது, ஆனால் அளவு இடிக்கும். ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை, யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கார்த்திக்’ மட்டும் 30 பைட்.

நிரலாளருக்கு இதற்கு மருந்து எளிது: பாதையைக் கையால் எழுதாமல் இயங்குதளத்தையே கேட்டு வாங்குவது, வாங்கியதை யூனிகோடாகவே வைத்திருப்பது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, தனக்கு யூ.டி.எஃப்.-8 வேண்டும் என்று ஒரு மென்பொருள் தன் அறிவிப்புக் கோப்பிலேயே சொல்லிவிடலாம். பழைய மென்பொருளோடு காலம் தள்ளுகிறவர்கள் கணக்கை முதலில் ஆங்கில எழுத்தில் தொடங்கிவிட்டு, காட்டும் பெயரைப் பிறகு தமிழில் மாற்றிக்கொள்ளலாம். திரையில் தமிழ்ப் பெயர் வரும். ஃபோல்டரின் பெயர் முதலில் வைத்தபடியே இருக்கும்.